"இன்ஜின் மாத்தியாச்சு" என்றால் நம்பலாமா? பழைய கார் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"வண்டிக்குப் புது இன்ஜின் போட்டாச்சு. இன்னும் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்." பழைய கார் விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. விலையை இருபதாயிரம், முப்பதாயிரம் கூட்டிச் சொல்வதற்கும் இதுவே காரணமாகிறது. கேட்பவருக்கும் மகிழ்ச்சிதான். காரின் உயிரே இன்ஜின். அதுவே புதிது என்றால் வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் பின்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்சூரன்ஸ் அலுவலகத்திலும், சில நேரம் காவல் நிலையத்திலும் அலைய வேண்டி வருகிறது. இன்ஜின் மாற்றப்பட்டது உண்மையா, எந்த அளவுக்கு மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது, அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வங்கிக் கடனில் பழைய கார் வாங்குபவருக்கு, பணம் கொடுக்கும் முன் வங்கியோ நிதி நிறுவனமோ தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். வட்டி வேண்டாம் என்று, வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையோ, நகையை விற்ற பணத்தையோ மொத்தமாகக் கொடுத்து வாங்குபவருக்கு அந்தச் சோதனை இல்லை. வட்டியைத் தவிர்த்தது நல்ல முடிவு. ஆனால் வங்கி செய்திருக்கும் சோதனையை நாமே செய்தாக வேண்டும்.

"மாற்றியது" எது?

இன்ஜின் வேலை எல்லாம் ஒரே வேலை அல்ல. விற்பவர் பொய் சொல்லாமலேயே வாங்குபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒர்க்‌ஷாப் பேச்சில் "இன்ஜின் வேலை", "இன்ஜின் செட்", "இன்ஜின் மாத்தினது" என்று பலவாறு சொல்வார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகை வரும்.

முதலாவது, மேல் பகுதியை மட்டும் கழற்றிச் செய்யும் வேலை. சிலிண்டர் ஹெட்டை இறக்கி, வால்வு, கேஸ்கெட் மாற்றுவது. இதில் இன்ஜின் பழையதுதான்.

இரண்டாவது, முழுவதும் பிரித்து ரிங், பிஸ்டன், பேரிங் மாற்றி, சிலிண்டரை போர் அடித்தோ ஸ்லீவ் போட்டோ திரும்பப் பூட்டுவது. நல்ல மெக்கானிக் செய்தால் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் பிளாக் பழையதே. இன்ஜின் நம்பரும் மாறாது.

மூன்றாவது, 'ஆஃப் இன்ஜின்' மாற்றுவது. பிஸ்டன், கிராங்க் உட்பட பிளாக் முழுவதும் புதிதாக வரும். ஹெட், ஆல்டர்னேட்டர், பம்பு போன்றவை பழையதிலிருந்து மாற்றிப் பூட்டப்படும். நம்பர் பொறிக்கப்படுவது பிளாக்கில்தான். அதனால் பிளாக் மாறினால் பழைய நம்பரும் போய்விடும்.

நான்காவது, முழு இன்ஜினையும் மாற்றுவது. அது கம்பெனியிலிருந்து வந்த புதிய இன்ஜினாக இருக்கலாம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கிய, வேறொரு காரில் ஓடிய இன்ஜினாகவும் இருக்கலாம். இரண்டையும் "வேற இன்ஜின்" என்றே சொல்வார்கள். ஆனால் இரண்டுக்கும் விலையிலும் ஆயுளிலும் பெரிய வித்தியாசம் உண்டு.

எனவே முதல் கேள்வி இது: "பிளாக் மாறியதா, இல்லையா?" அதற்கு நேரான பதில் வராவிட்டால், மாறவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாற்றினார்கள்?

ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டிய காரின் இன்ஜின் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடும். குறைந்த தூரமே ஓடிய காருக்கு இன்ஜின் மாற்ற வேண்டி வந்தது என்றால், ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கலாம், ரேடியேட்டர் வற்றிச் சூடேறியிருக்கலாம், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இவற்றையெல்லாம் விடக் கவலைக்குரியது, வெள்ளத்தில் மூழ்கிய கார்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தெருவில் நின்ற கார்கள் கூரைவரை மூழ்கிய காட்சிகளை நாம் பார்த்தோம். அந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. இன்சூரன்ஸ் பாலிசி நிபந்தனைப்படி, பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கணக்கிடப்படும். அப்படிக் கழிக்கப்பட்ட கார்கள் ஏலத்தில் கைமாறி, பழுது பார்க்கப்பட்டு, மீண்டும் சந்தைக்கு வருவது உண்டு.

தண்ணீருக்கும் இன்ஜினுக்கும் என்ன தொடர்பு? இன்ஜினுக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போன நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நேரம் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு பல கார்களுக்கு இன்ஜின் மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

இன்ஜினை மாற்றிவிட்டால் கார் சரியாகிவிட்டதா? இல்லை. கார் முழுவதும் ஓடும் வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, ஏர்பேக் சாதனங்கள் எல்லாம் அதே தண்ணீரில் கிடந்தவைதான். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து கனெக்டர்களில் பச்சை பூத்து ஒவ்வொன்றாகக் கெடும். எனவே "புது இன்ஜின்" என்று கேட்டவுடன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தெரிந்துவிடும். தரை விரிப்பைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியைத் தடவிப் பாருங்கள். ஏ.சி.யைப் போட்டதும் மக்கிய வாடை வருகிறதா என்று கவனியுங்கள்.

நம்பர் என்ன சொல்கிறது?

இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு காரிலும் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பொறிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. சேஸிஸ் நம்பர் 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. முதல் மூன்றும் தயாரிப்பாளரைக் காட்டும். மாருதி என்றால் எம்ஏ3, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல், டாடா என்றால் எம்ஏடி. இன்ஜின் நம்பரின் முன் பகுதி பெரும்பாலும் இன்ஜினின் வகையைக் காட்டும். மாருதி ஸ்விஃப்ட் டீசல் என்றால் டி13ஏ என்று தொடங்கும். பெட்ரோல் என்றால் கே12 என்று தொடங்குவது வழக்கம். மாடலுக்கும் முன் பகுதிக்கும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இன்ஜின் நம்பர் பிளாக்கில் சமமாகச் சீவப்பட்ட ஒரு பரப்பில் இருக்கும். பல கார்களில் அது கியர்பாக்ஸோடு சேரும் இடத்துக்கு அருகில் இருக்கும். ஆயிலும் தூசியும் மூடியிருப்பதால் துணியில் கொஞ்சம் டீசல் நனைத்துத் துடைத்தால்தான் தெரியும். இடம் மாடலுக்கு மாடல் மாறும். காரோடு வரும் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும். கண்ணுக்கு எட்டாவிட்டால் செல்போன் கேமராவை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள். ஆர்.டி.ஓ. வேலைக்கு எடுப்பதுபோல, வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்தால் எழுத்துகள் தெளிவாக வரும்.

பொறிப்பின் தரத்தையும் பாருங்கள். தொழிற்சாலைப் பொறிப்பில் எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்கும். சுத்தியலால் அடித்த கைப்பொறிப்பு ஏறி இறங்கி நிற்கும். அந்தப் பரப்பில் மட்டும் கிரைண்டர் கோடு, புது பெயிண்ட், வெல்டிங் தடம் ஏதேனும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

மூன்று விதமான விடைகள்

பிளாக்கில் உள்ள நம்பர், இப்போதைய ஆர்.சி.யில் உள்ள நம்பர், கார் புதிதாக வாங்கியபோது இருந்த நம்பர் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பழைய நம்பரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஷோரூம் கொடுத்த முதல் இன்வாய்ஸிலும், படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றிதழிலும், பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளிலும் இருக்கும்.

மூன்றும் ஒன்றாக இருந்தால், பிளாக் மாறவே இல்லை. விற்பவர் சொன்ன "புது இன்ஜின்" என்பது ரிங், பிஸ்டன் மாற்றிய வேலையாகத்தான் இருக்கும். அது குற்றமில்லை. ஆனால் புது இன்ஜினுக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பிளாக்கில் உள்ள நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒன்று, பழைய ஆவணத்தில் மட்டும் வேறு என்றால், இன்ஜின் மாறியிருக்கிறது. முறைப்படி பதிவும் ஆகியிருக்கிறது. இதுதான் நேர்மையான நிலை. பில்லும் கையில் இருந்தால் தாராளமாகப் பேசலாம்.

பிளாக்கில் ஒரு நம்பர், ஆர்.சி.யில் வேறொரு நம்பர் என்றால், இன்ஜின் மாறியிருக்கிறது, பதிவு ஆகவில்லை. இதுதான் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி. விவரத்துக்கு மாறுபடும் வகையில் வண்டியில் மாற்றம் செய்யப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் நடந்திருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்தம் செய்ய வேண்டும். அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது.

அபராதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இந்த நம்பர்களைத்தான். பொருந்தாவிட்டால் கிளெய்ம் இழுபடும், மறுக்கவும்படலாம். இன்னொன்றும் இருக்கிறது. அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது? திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தைகள் நம் நாட்டில் இருந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசம் மீரட்டில் இதற்குப் பேர்போன சோதிகஞ்ச் சந்தையை 2021 டிசம்பரில் காவல்துறை மூடியது. அப்படிப் பிரித்த இன்ஜின் ஒன்று நம் காரில் இருந்தால், தெரியாமல் வாங்கினேன் என்பதை விளக்க வேண்டிய நிலை நமக்கு வரும்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் பதிவு எண், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பரைக் கொடுத்தால், அந்த வண்டி திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே ஆர்.சி.யில் உள்ள நம்பரை மட்டும் போடாதீர்கள். பிளாக்கில் நீங்கள் நேரில் பார்த்த நம்பரைப் போடுங்கள்.

பில்லையும் சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள்

உண்மையாகவே கம்பெனி இன்ஜின் போட்டவர் லட்சத்தைத் தொடும் தொகையைச் செலவழித்திருப்பார். அவ்வளவு செலவழித்தவர் பில்லைத் தொலைத்திருப்பது அபூர்வம். 2017 ஜூலை 1-க்குப் பிந்தைய பில் என்றால் அதில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் 33 என்றும், கேரளம் என்றால் 32 என்றும் தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் கடையின் பெயர் வரும். பில்லில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் உதிரிபாக எண், தேதி, கிலோமீட்டர், உங்கள் காரின் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். வெறும் துண்டுச் சீட்டில் "இன்ஜின் ஒர்க் – ரூ.60,000" என்று இருந்தால் அது இன்ஜின் மாற்றியதற்கு ஆதாரம் ஆகாது.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலை நடந்திருந்தால், அந்த விவரம் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் இருக்கும். உரிமையாளரை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போய், பதிவு எண்ணைச் சொல்லி வரலாற்றைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்று தெரியும். மீட்டர் பின்னுக்குச் சுற்றப்பட்டிருந்தாலும் இதில் வெளிப்பட்டுவிடும். விற்பவர் இதற்கு வரத் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு பதில்தான்.

மெக்கானிக்கோடு போகும்போது

உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். புரோக்கர் அழைத்து வரும் மெக்கானிக் வேண்டாம். பகலில் போங்கள். போன உடனே பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் வண்டியை ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் சத்தமும் புகையும் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வரும் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியின் அடியில் பால்போல் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்ஜினை இறக்கி ஏற்றியிருந்தால் அதன் தடம் எங்காவது இருக்கும். இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் இருக்கும். மவுண்ட் ரப்பர், ஹோஸ் கிளிப் புதிதாக இருக்கும். ஓரங்களில் சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கியிருக்கும். "இன்ஜின் மாற்றியது" என்று சொல்லும் காரில் இவை எதுவுமே தொடப்படாமல் பழைய தூசியோடு இருந்தால், அந்தப் பேச்சு நம்பத்தக்கதல்ல.

கம்ப்ரஷன் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஸ்கேனர் போட்டால் பல கார்களில் கம்ப்யூட்டரில் பதிந்துள்ள சேஸிஸ் நம்பர் தெரியும். அது பாடியில் உள்ள நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்றை நினைவில் வையுங்கள்: இது கம்ப்யூட்டர் பெட்டி அதே காருடையது என்பதை மட்டுமே காட்டும். இன்ஜின் மாறவில்லை என்பதற்கு இது சான்று ஆகாது.

கேரளப் பதிவு வண்டி என்றால்

பூதப்பாண்டி, திட்டுவிளை பக்கம் விற்பனைக்கு வரும் கார்களில் நாகர்கோவில் பதிவான டிஎன் 74, மார்த்தாண்டம் பதிவான டிஎன் 75 போலவே கேரளப் பதிவு வண்டிகளும் இருக்கும். எல்லை பக்கம் என்பதால் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறோம். அதில் கவனிக்க வேண்டியது: அந்த வண்டியை இங்கே மறுபதிவு செய்ய, கேரள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வண்டியை நேரில் காட்டி, வரியும் கட்ட வேண்டும். அந்தச் சோதனையில் இன்ஜின் நம்பர் பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். திருத்தத்தைச் செய்ய வேண்டியவர் பழைய உரிமையாளர். அவர் அதற்குள் வெளிநாடு போயிருப்பார். எனவே நம்பர் திருத்தம், தடையின்மைச் சான்று இரண்டும் முடிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

எழுதி வாங்குங்கள்

தெரிந்தவர், ஜமாஅத்தைச் சேர்ந்தவர், சம்பந்தி வீட்டார் என்று வாய்ப்பேச்சில் முடிப்பது நம்மிடம் அதிகம். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி வழிகாட்டும் மார்க்கம் நம்முடையது. எழுதக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. விற்பனை ஒப்பந்தத்தில் சேஸிஸ் நம்பர், பிளாக்கில் பார்த்த இன்ஜின் நம்பர், இன்ஜின் எப்போது எங்கே ஏன் மாற்றப்பட்டது, வண்டி வெள்ளத்திலோ பெரிய விபத்திலோ சிக்கியதா, ஒப்படைத்த தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.

படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். விற்பவருக்கும் இதில் அக்கறை வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வியாபாரியிடம் வாங்கினால், அவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். பழைய வண்டி விற்பனையாளர்களுக்கான அங்கீகார முறை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வியாபாரி உண்மையை மறைத்து விற்றிருந்தால், இரண்டு ஆண்டுக்குள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கையெழுத்திட்ட அந்தத் தாளும், நீங்கள் எடுத்த போட்டோக்களும்தான் அங்கே பேசும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை

நம்மில் வாங்குபவர்கள் மட்டும் இல்லை, விற்பவர்களும் இருக்கிறோம். மேலே காய்ந்த தானியத்தைக் காட்டி, அடியில் நனைந்ததை மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. வெள்ளத்தில் மூழ்கிய காருக்குப் புது இன்ஜினைக் காட்டி விற்பது அதேபோன்ற ஈரத்தை மறைப்பதுதான். சரக்கில் குறை மறைக்கப்பட்டிருந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹு சட்டத்திலும் இருக்கிறது. இன்ஜின் மாற்றியிருந்தால் காரணத்தைச் சொல்லுங்கள், பில்லைக் காட்டுங்கள், ஆர்.சி.யைத் திருத்திக் கொடுங்கள். விலையில் பத்தாயிரம் குறையலாம். வாங்கிய குடும்பம் நள்ளிரவில் ஆரல்வாய்மொழிச் சாலையில் நின்றுபோன காரோடு தவிக்காது.

இன்ஜின் மாற்றிய கார் மோசமான கார் அல்ல. காரணம் தெரிந்து, பில் இருந்து, பிளாக்கில் உள்ள நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தினால் அது நல்ல பொருளாகவே இருக்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவசரப்படாதீர்கள். அதே பணத்துக்கு வேறொரு கார் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.